கோல்கீப்பருக்கு மொட்டை

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில் நான் மெஸ் நடத்துகிறேன். வாயாடி என்று பெயர் எடுத்தவள். சாம்பார் தண்ணியாக இருக்கிறது என்று சொன்ன ஒருவரை, அப்படியென்றால் குளித்துவிட்டுப் போங்கள் என்று அனுப்பியிருக்கிறேன். இப்படிப்பட்டவள் ஒரு ஃபுட்பால் டீமுக்கு ஸ்பான்சர் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. எனக்கே சில நாள் நம்பிக்கை வருவதில்லை.

பிறந்தது நகரிப் பக்கம், விசைத்தறி ஓடுகிற ஒரு தெருவில். மூன்று வருடத்துக்கு முன் ஊர்க் கோயில் ஜாத்திரைக்குப் போயிருந்தபோது, தறிக் கொட்டகைகளுக்குப் பின்னால் இருக்கிற பொட்டலில் பெண்பிள்ளைகள் வெறுங்காலோடு பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். முள்ளும் பாட்டில் சில்லும் கிடக்கிற இடம். ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிற பெண், அவளும் எங்கள் தெருக்காரிதான், வார லீவில் வந்து கோச்சாக நின்று கத்திக்கொண்டிருந்தாள். ஒரு பிள்ளைக்குக் குதிகாலில் ரத்தம். அந்தப் பிள்ளை அதில் ஒரு பிடி மண்ணை வைத்து அமுக்கிவிட்டு மறுபடியும் ஓடினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார்மேல் கோபம் என்று தெரியவில்லை. அங்கேயே நின்று, எல்லாருக்கும் ஷூ என் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் அதற்கு ஸ்பான்சர் என்று பெயர் என்பதே எனக்குத் தெரிந்தது. மெஸ்ஸில் சாப்பிடுகிற காலேஜ் பிள்ளைகள் போனில் காட்டினார்கள். எந்தெந்த நாட்டிலோ குடிசைப் பகுதிப் பிள்ளைகளின் டீமுக்குப் பெரிய பெரிய கம்பெனிகள் ஷூவும் பனியனும் வாங்கிக் கொடுக்கிறார்களாம். பதிலுக்குக் கம்பெனி பெயரை நெஞ்சில் போட்டுக்கொள்கிறார்களாம். நானும் போட்டேன். மெஸ்ஸின் பெயர், தெலுங்கில், மஞ்சள் எழுத்தில், நெஞ்சு நிறைய. முதல் ஆட்டத்தில் எதிர் டீம் பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு, ரெண்டு இட்லி பார்சல் என்று கேலி செய்தார்களாம். எங்கள் பிள்ளைகள் அவர்களுக்கு மூன்று கோல் கட்டிக் கொடுத்தார்கள்.

இந்த டீமின் கோல்கீப்பரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். ஒன்பதாவது படிக்கிறவள். கை நீளம், பேச்சு குறைவு. அவள் அப்பா கூலிக்குத் தறி ஓட்டுகிறவர். மூத்த பெண்ணைக் கட்டிக் கொடுத்ததிலிருந்து வீட்டில் தறிக்கு நூல் தார் சுற்ற ஆள் இல்லை. அதனால் இந்த வருடம் திருப்பதியில் நடக்கிற ஜில்லாப் போட்டிதான் கடைசி, இந்த வருடத்தோடு பள்ளிக்கூடமும் போதும் பந்தும் போதும் என்று அவர் கோச்சிடம் சொல்லிவிட்டார். கோச் எனக்குப் போன் போட்டு அழுதாள். மூன்று வருடத்தில் அந்த மனிதர் மகள் ஆடி ஒரு தடவை கூடப் பார்த்ததில்லை என்றாள். அதை நான் பிடித்துக்கொண்டேன். பெரிய மைதானத்தில், நாலு பேர் கை தட்ட, அவள் பந்தைப் பாய்ந்து பிடிப்பதை ஒரு தடவை அவர் பார்த்துவிட்டால் போதும், மனசு மாறிவிடுவார் என்று எனக்குத் தோன்றியது. எப்படியாவது அவரைத் திருப்பதிக்கு வரவழைக்க வேண்டும்.

பெண்பிள்ளைகளை வெளியூரில் தங்க விட எந்த வீட்டிலும் சம்மதம் இல்லை. நான் ஊருக்குப் போய் வீடு வீடாக ஏறி இறங்கினேன். பெற்றவர்களும் கூடவே வாருங்கள், தங்க இடமும் சாப்பாடும் என் மெஸ்ஸில், ஒரே பஸ் செலவில் ஆட்டமும் ஆச்சு, மலையும் ஆச்சு என்றேன். பந்து என்றதும் முகத்தைத் திருப்பியவர்கள் மலை என்றதும் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் பக்கத்தில் திருப்பதிக்கு வந்து மலையேறாமல் திரும்புகிறவர் கிடையாது. கோல்கீப்பரின் அப்பாவும் சரி என்றுவிட்டார். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வெள்ளிக்கிழமை எல்லாரும் வந்து இறங்கினார்கள். பாதிப் பேர் அன்றைக்கே மலைக்குப் போனார்கள். சனிக்கிழமை காலை மைதானத்தில் நான் இட்லிப் பாத்திரத்தோடு காத்திருந்தேன். கோல்கீப்பரும் அப்பாவும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். இரண்டு பேரும் மொட்டை. தலையில் சந்தனம் காய்ந்திருந்தது.

போன மழைக்காலத்தில் அவளுக்கு டெங்கு வந்து கிடந்தபோது, பிழைத்தால் இரண்டு பேரும் முடி கொடுக்கிறோம் என்று அவர் வேண்டிக்கொண்டாராம். மலைக்கு வந்துவிட்டோமே, அதையும் முடித்துவிடலாம் என்று கூட்டிப் போயிருக்கிறார். இட்லிப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் தலையைத் தடவினேன். அவளுக்கு ஒன்றும் இல்லை. "முடிதான அத்த. பந்து புடிக்க கை போதும்" என்று சொல்லிவிட்டு ஷூ கட்ட உட்கார்ந்தாள்.

போட்டி நடத்துகிற அதிகாரி ஒவ்வொரு பிள்ளையின் அட்டையையும் வாங்கிப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் போட்டோ ஒட்டி, ஹெட்மாஸ்டர் கையெழுத்தும் சீலும் வைத்துக் கொடுத்த அட்டை. அதில் எங்கள் கோல்கீப்பர் ரிப்பன் வைத்த இரட்டை ஜடையோடு இருந்தாள். அவர் அட்டையைப் பார்த்தார், தலையைப் பார்த்தார், மறுபடியும் அட்டையைப் பார்த்தார். அதற்குள் எதிர் டீமின் கோச், பெண்கள் டீமில் பையனைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள் என்று குரல் கொடுத்தார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் முகம் செத்துப்போனது. அவள் அப்பா தன் தலையைத் துண்டால் மூடிக்கொண்டார்.

"சார், இந்த ஊர்ல மொட்டையப் பாத்து சந்தேகப்பட்ட மொத ஆளு நீங்கதான்" என்றேன்.

அதிகாரி கோபப்படவில்லை. தனக்கும் புரிகிறது என்றார். ஆனால் எதிர் டீம் எழுத்தில் ஆட்சேபணை கொடுத்துவிட்டதால், போட்டோ பொருந்தாத பிள்ளையை இறக்க விதி இல்லை. புது போட்டோ ஒட்டி, ஹெட்மாஸ்டர் அதன்மேல் கையெழுத்தும் சீலும் வைத்து, மறுநாள் காலை ஆட்டத்துக்கு முன்னால் கொண்டுவந்தால் அந்த ஆட்டத்தில் ஆடலாம். இல்லாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். நான் எவ்வளவோ கத்திப் பார்த்தேன். என் கத்தல் மெஸ்ஸில் எடுபடும், மைதானத்தில் எடுபடவில்லை.

அழுதுகொண்டு நிற்க எனக்கு நேரம் இல்லை. ஹெட்மாஸ்டர் நாலு மணிக்குக் கிளம்பிவிடுவார். ஆட்டத்தைக் கோச்சிடமும், மெஸ்ஸைச் சமையல்காரரிடமும் விட்டுவிட்டு, அப்பாவையும் மகளையும் இழுத்துக்கொண்டு போட்டோ ஸ்டூடியோவுக்கு ஓடினேன். ஸ்டூடியோக்காரருக்கு மொட்டை புதிதில்லை. வேண்டுமென்றால் கம்ப்யூட்டரில் முடி வைத்துத் தருகிறேன் என்றார். வேண்டாம், இருக்கிறது இருக்கிறபடி எடுங்கள் என்று அவளே சொல்லிவிட்டு, கைக்குட்டையை நனைத்துச் சந்தனத்தைத் துடைத்தாள்.

நகரி பஸ்ஸில் புத்தூர் வரைக்கும் நான் அவள் அப்பாவை வறுத்தெடுத்தேன். ஒரு நாள் பொறுக்க முடியாதா, சாமி என்ன ஓடியா போகிறது, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போயிருந்தால் தலையில் இடி விழுமா என்று வாய்க்கு வந்ததெல்லாம் கேட்டேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் மூச்சு வாங்கிய நேரத்தில் மெதுவாகச் சொன்னார்: "நீங்கதானக்கா சொன்னீங்க, ஒரே செலவுல ரெண்டும் ஆவும்னு."

உண்மைதானே. மலை ஆசையைக் காட்டி இழுத்து வந்தவள் நான். மலைக்கு வருகிறவர் வேண்டுதலோடுதான் வருவார் என்று யோசிக்காத மண்டூகமும் நான்தான். நகரியில் இறங்கப் போகும்போது அவரே பேசினார். "எம் பொண்ணப் பாத்து சிரிச்சிக்கினு நின்னாங்கக்கா" என்றார்.

பள்ளிக்கூடத்துக்குள் நாங்கள் நுழைந்தபோது ஹெட்மாஸ்டர் மேஜையில் பைல்களை அடுக்கிக்கொண்டிருந்தார். தெலுங்குக்காரர், நிதானமானவர். போட்டோவைப் பார்த்து, இது யார் பையன் என்றுதான் அவரும் கேட்டார். அவள் முன்னால் வந்து ரோல் நம்பரைச் சொன்னதும் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்து, ஓ நீயா என்றார். சீலை எடுத்தார். மையில் ஒற்றினார். அப்படியே கை நின்றது.

இழுப்பறையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தார். அப்பாவின் கையெழுத்து போட்ட மனு. திங்கட்கிழமையிலிருந்து மகளின் பெயரை ரிஜிஸ்டரிலிருந்து எடுத்துவிடும்படி போன வாரம் எழுதிக் கொடுத்தது. ஹெட்மாஸ்டர் குரலை உயர்த்தாமல் கேட்டார். இந்தப் பிள்ளை என் மாணவி என்று இந்த அட்டையில் எழுதி நான் சீல் வைக்க வேண்டும். மாணவி இல்லை என்று இந்த மனுவிலும் எழுதி அதே சீலை வைக்க வேண்டும். ஒரு கையால் இரண்டையும் எப்படிச் செய்வது, நீயே சொல்லு என்றார்.

இந்த வருடத்தோடு நிறுத்தப் போகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். மனு எழுதிக் கொடுத்ததும் தெரியாது, எந்த நாள் என்பதும் தெரியாது. எனக்கும் தெரியாது. பரீட்சை வரைக்குமாவது விடுவார் என்று நினைத்திருந்தோம். அவள் அந்தக் காகிதத்தை எழுத்துக் கூட்டுவதுபோல மெல்லப் படித்தாள்.

"திங்கக்கெழமையா நைனா?" என்றாள்.

அவ்வளவுதான் கேட்டாள். அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. அந்த மனிதரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. பஸ்ஸில் வாங்கிய அடி ஞாபகம் இருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார், மடித்தார், மறுபடியும் தோளில் போட்டார். மகளைப் பார்க்கவே இல்லை. பள்ளிக்கூட மணி அடித்து, பிள்ளைகள் வராண்டாவில் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடி, அந்தக் கூச்சல் அடங்குகிற வரைக்கும் நின்றார்.

பிறகு மேஜைக்குப் போய், "அந்தப் பேப்பரக் குடுத்துடுங்க சார்" என்று கை நீட்டினார்.

ஹெட்மாஸ்டர் கொடுத்தார். அவள் அப்பா அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சீல் மை காய்ந்துபோயிருந்தது. ஹெட்மாஸ்டர் மறுபடியும் ஒற்றி, பாதி போட்டோமேலும் பாதி அட்டைமேலும் விழுகிறாற்போல் அழுத்தி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அதிகாரி அட்டையை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, போம்மா என்று கோல் போஸ்ட்டைக் காட்டினார். முந்தின நாள் அவள் இல்லாமல் நாலு கோல் வாங்கித் தோற்றிருந்தோம். அன்றைக்கும் தோற்றோம், ஒரே ஒரு கோலில். அவள் பிடித்தது எத்தனை என்று நான் எண்ணவில்லை, தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். ஆட்டம் முழுக்க அவள் அப்பா கோலுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்திருந்தார். கை தட்டவில்லை. மகள் எழும்பியபோதெல்லாம் அவரும் பாதி எழும்பினார்.

ஊருக்குத் திரும்ப எல்லாரும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு, அவர் மட்டும் இறங்கி என்னிடம் வந்தார். சொல்லிவிட்டுப் போகத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் ஒரு கோபம் இருந்தது, கடைக்காரரிடம் சரக்கு சரியில்லை என்று கேட்கிறவரின் கோபம்.

"ஷூ கடிக்குதுக்கா அவளுக்கு. பாத்தீங்களா, வெரலெல்லாம் கொப்புளம். வர வருசத்துக்கு ஒரு நம்பர் பெருசா வாங்குங்க" என்றார்.