பூரிக் கட்டையும் குட்டி விமானமும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, ஓசூர் மைதானத்தில், நான் ஒரு விமானத்தைக் கிளப்பினேன்.

சிரிக்காதீர்கள். விமானம்தான். இறக்கை உண்டு, வால் உண்டு, இன்ஜின் உண்டு, புகையும் உண்டு. ஆள் ஏற முடியாது... அவ்வளவுதான் குறை. இறக்கை மொத்தமே இரண்டு முழம். இன்ஜின் என் உள்ளங்கையில் அடங்கிவிடும்.

பஸ் பட்டறையில் பதினெட்டு வருஷமாக லைட்டும் ஹாரனும் பேட்டரியும் பார்க்கிறவனுக்கு விமானத்தோடு என்ன வேலை? வாரா வாரம் இந்த இடத்தில் என்னைச் சகித்துக்கொள்ளும் நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். என் மனைவி பாக்கியம் ஏற்கெனவே கேட்டுவிட்டாள்.

எல்லாம் திம்மராயப்பாவால் வந்தது.

திம்மராயப்பா எங்கள் தெருக்காரர். பெங்களூரில் விமானம் கட்டும் தொழிற்சாலையில் பிட்டர். வீட்டில் தெலுங்கு, வேலையில் கன்னடம், என்னிடம் தமிழ், கோபம் வந்தால் மூன்றும். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார இன்ஜினீயர், போகும்போது இந்தக் குட்டி இன்ஜினை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். கூடவே இரண்டு பிளக். மனுஷன் ஆறு மாதம் உட்கார்ந்து, லேசான மரத்தைச் சீவிச் சீவி, மெல்லிய காகிதம் ஒட்டி, ஒரு விமானமே கட்டிவிட்டார். தாலுகா விவசாயக் காட்சிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ‘ஆகாய விமானம் பறக்கும்’ என்று நோட்டீஸே போட்டுவிட்டார்கள்.

ஆனால் விமானம் பறக்க வேண்டுமானால் பிளக் சிவக்க வேண்டும்.

இந்தப் பிளக் பஸ் பிளக் மாதிரி அல்ல. பஸ் பிளக் பொறி தட்டும். இதற்குள்ளே தலைமுடி போல ஒரு பிளாட்டினக் கம்பிச் சுருள். மின்சாரம் கொடுத்தால் கங்கு மாதிரி சிவக்கும். அந்தச் சிவப்பில் எண்ணெய் பற்றிக்கொள்ளும். வேடிக்கை என்னவென்றால், இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் மின்சாரத்தை எடுத்துவிடலாம். வெடிக்கிற சூட்டிலேயே கம்பி சிவந்துகொண்டிருக்கும். அந்தச் சிவப்பே அடுத்த வெடிப்புக்கு நெருப்பு!

கிளப்புவதற்கு மட்டும் ஒன்றரை வோல்ட் வேண்டும். திம்மராயப்பாவிடம் இருந்த பெரிய டிரை செல் செத்துப் போயிருந்தது. பெங்களூரில் கேட்டால் ஸ்டாக் இல்லை. காட்சிக்கு ஆறே நாள்.

“அண்ணா, உங்க பட்டறைல பேட்டரிக்கு என்ன பஞ்சம்? ஒரு வழி பண்ணிக் குடுங்க” என்று திங்கட்கிழமை காலை விமானத்தோடு வந்து நின்றார்.

பஸ் பேட்டரி ஆறு வோல்ட். மூன்று அறை, ஒவ்வோர் அறையும் இரண்டு வோல்ட். அறைகளை இணைக்கும் ஈயப் பட்டைகள் மேலேயே தெரியும். நான் ஒரே ஓர் அறையில் மட்டும் ஒயரை மாட்டினேன். அந்த இரண்டு வோல்ட், ஒயர் நீளத்தில் கொஞ்சம் குறைந்து பிளக்குக்கு அளவாகப் போய்ச் சேரும் என்று கணக்கு. கணக்கு சரிதான். திம்மராயப்பா விமானத்தின் மூக்கில் இருந்த விசிறியை விரலால் சுண்டினார். புட்... புட்... என்று இருமிவிட்டு நின்றது. மறுபடி சுண்டினார். மறுபடி இருமல்.

இந்த இடத்தில்தான் என் கை புத்தியைக் காட்டியது.

எங்கள் ஊர்க் குளிர் உங்களுக்குத் தெரியாது. மார்கழிக் காலையில் பஸ் கிளம்பாது. கிளம்பாவிட்டால் என்ன செய்வோம்? இன்னொரு பேட்டரியைச் சேர்த்துக் கொடுப்போம். பதினெட்டு வருஷமாக என் கைக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அது. இன்ஜின் இருமுகிறதா? இன்னும் கொடு! யோசிக்கவே இல்லை. கிளிப்பை எடுத்து அடுத்த அறைக்கு மாற்றிவிட்டேன். நான்கு வோல்ட்.

டிக்.

அவ்வளவுதான் சத்தம். நகத்தால் டம்ளரைத் தட்டுகிற அளவுகூட இல்லை.

திம்மராயப்பா பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சுருள் அறுந்து, நுனியில் உப்புக் கல் அளவில் ஒரு மணி நின்றது. மனுஷன் மூன்று பாஷையில் ஒன்றில்கூடத் திட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“இன்னும் ஒண்ணு கீது அண்ணா” என்றார். “அதுவும் போச்சுன்னா வேற எங்கயும் கிடைக்காது. அப்புறம் இந்த இன்ஜின் மேஜை மேல பேப்பர் பறக்காம வெக்கத்தான் உதவும்.”

“சனிக்கிழமைக்குள்ள செஞ்சு காட்டறேன். அதுவரைக்கும் அந்தப் பிளக்கை என்கிட்ட குடுக்காத” என்றேன்.

சொல்லிவிட்டேன். செய்வது எப்படி? அளவு தெரியாமல் கொடுத்தால் எரியும். எரியாமல் அளவு தெரிய வேண்டும். பட்டறையில் இருக்கிற மீட்டர், பேட்டரிக்கு உயிர் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்லும். மூன்றாம் பாரத்தோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட எனக்கு யார் கணக்குப் போட்டுத் தருவார்கள்?

மத்தியானம் சோற்றைப் பிசைந்தபடியே யோசித்தேன். செம்புக் கம்பி மின்சாரத்துக்குத் தார் ரோடு, விட்டால் பறக்கும். இரும்புக் கம்பியோ நாட்றாம்பாளையத்து மலைப்பாதை. மூச்சு வாங்கித்தான் போய்ச் சேரும். அப்படியானால், நீளமான இரும்புக் கம்பி வழியாக மின்சாரத்தை விட்டு, பாதையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தால்? முதலில் பிளக் சிவக்கவே சிவக்காது. பிறகு மங்கலாக. பிறகு இன்னும். வேண்டிய நிறம் வந்ததும் நிறுத்திவிடலாம். எரிய வாய்ப்பே இல்லை!

வேலி கட்டும் கம்பி ஒன்பது முழம் கிடைத்தது. சுற்றுவதற்கு உருண்டையான மரம் வேண்டும். சுற்றுக்குச் சுற்று தொடாமல் இடைவெளி விட வேண்டும். சமையலறையில் பார்த்தேன். சரியான கனத்தில், சரியான நீளத்தில், சுவரோரம் சாய்ந்து நின்றது பூரிக் கட்டை.

“ஏங்க, அதை எங்க எடுத்துக்கினு போறீங்க?”

“விமானத்துக்கு.”

“நல்லாக்கீது! விமானத்துல போறவங்களுக்குப் பூரி சுட்டுப் போடப் போறீங்களா?”

முப்பத்திரண்டு சுற்று. நடுவில் சணல் கயிறு ஓட்டி இடைவெளி. கம்பி மேல் நகர்கிற மாதிரி ஒரு பித்தளைப் பட்டை. பிளக்கைக் கவ்விப் பிடிக்கிற கிளிப்பைக் கரீம் பாய் செய்து கொடுத்தார். கரீம் பாய் எங்கள் பட்டறையில் பஸ்ஸுக்குத் தகடு அடிக்கிறவர். பிளக்கின் தலை ஒரு துருவம், உடம்பு ஒரு துருவம். இரண்டையும் பிடிக்க வேண்டும், இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. பித்தளைத் தகட்டை வளைத்து, நடுவில் பழைய இஸ்திரிப் பெட்டியிலிருந்து மின்சாரத்தை விடாத அப்ரகத் துண்டு வைத்து, குறடு மாதிரி ஒரு சாமான் செய்தார். அதற்கு ‘சூடேத்தி’ என்று அவரே பெயரும் வைத்தார்.

வேலை முடிந்ததும் பேட்டரியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“மேஸ்திரி, இன்னொண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே? உங்க சாமான் மேல எனக்கு நம்பிக்கை கீது. உங்க கை மேல இல்ல. ஒண்ணு கையைக் கட்டணும். இல்ல, அந்த ரெண்டு அறையையும் மூடணும்.”

நான் கோபித்துக்கொள்ளவில்லை. மற்ற இரண்டு அறைகளின் மேல் ஒரு பலகையை வைத்து, நாலு சுற்றுக் கயிறு போட்டு இறுக்கிவிட்டேன். யாரிடமிருந்து காப்பாற்ற? என்னிடமிருந்துதான்.

சனிக்கிழமை மாலை திம்மராயப்பா அந்தக் கடைசிப் பிளக்கைத் தீப்பெட்டியில் பஞ்சு வைத்து எடுத்து வந்தார். எங்கள் வீட்டுக் கூடத்தில் மூன்று தலைகள் அதன்மேல் குனிந்தன. பட்டையைக் கடைசிச் சுற்றில் வைத்தேன். ஒன்றும் இல்லை. ஐந்து சுற்று நகர்த்தினேன். உள்ளே லேசாக ஒரு சிவப்பு.

“பீடி நுனி மாதிரி கீது. போதாது” என்றார் பாய்.

இன்னும் மூன்று. இன்னும் இரண்டு. திம்மராயப்பா மூச்சு விடவில்லை. நானும் விடவில்லை. எந்த நிறத்தில் நிறுத்துவது? ஆண்கள் மூவரும் மூன்று விதமாகச் சொன்னோம்.

பாக்கியம் முந்தானையைச் சொருகிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். “தோசைக்கல்லு வெக்கறதுக்கு முன்னாடி அடுப்புல கரி ஒரு நெறத்துக்கு வருமில்ல, செவப்பும் இல்லாம மஞ்சளும் இல்லாம? அதுக்கு இன்னும் ஒரு சுத்து.”

நகர்த்தினேன்.

“அவ்ளோதான். நிறுத்துங்க.”

நிறுத்தினேன். திம்மராயப்பா தலையாட்டினார். வெள்ளைக்காரர் காட்டிய அதே நிறமாம்! இருபத்தொன்றாம் சுற்றில் சிவப்பு மையால் ஒரு புள்ளி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் கூட்டமான கூட்டம். மாடு, கரும்பு, மாங்கன்று எல்லாவற்றையும் விட்டுவிட்டு விமானத்தைச் சுற்றிக்கொண்டது. இன்ஜினுக்கு ஸ்பிரிட்டும் விளக்கெண்ணெயும் கலந்து ஊற்றினோம். சூடேத்தியை மாட்டினேன். திம்மராயப்பா சுண்டினார்.

புட்.

பத்துத் தடவை சுண்டினார். இருபது தடவை. விரலில் ரத்தம் கசிந்தது. இன்ஜின் இருமியதே தவிர ஓடவில்லை. பாரூரிலிருந்து கரும்புக் கட்டோடு வந்திருந்த ஒருவர் சத்தமாகச் சொன்னார்: “ஐயா, பஸ்ஸுன்னா இறங்கித் தள்ளுவோம். இதுக்கும் தள்ளணும்னா சொல்லுங்க, வர்றோம்!”

கூட்டம் சிரித்தது. எனக்குக் காது சுட்டது. என் வலது கை தானாகப் பேட்டரிப் பக்கம் போனது. போய்ப் பலகையைத் தொட்டு நின்றது.

“பேடா அண்ணா... வேணாம்” என்றார் திம்மராயப்பா. மெதுவாகத்தான் சொன்னார்.

கையை எடுத்துவிட்டேன். “பிளக்கைக் கழட்டு. பார்க்கலாம்” என்றேன். கழற்றினார். பிளக் முழுக்க எண்ணெய் நனைந்து சொட்டியது. கண்ணாடி மாதிரி விளங்கிவிட்டது. குறை மின்சாரத்தில் இல்லை. ஆவலில் எண்ணெயை அதிகமாக ஊட்டிவிட்டோம். ஈர விறகில் எந்த அடுப்பு பற்றும்? திங்கட்கிழமையும் இதே இருமல்தானே இருமியது! அன்றைக்கும் அது கேட்டது இன்னொரு அறையை அல்ல... நான்தான் கேட்காததைக் கொடுத்தேன்.

விமானத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து எண்ணெயை வடித்தோம். பிளக்கைத் துடைத்து ஊதி மாட்டினோம். பட்டையை ஒரே ஒரு சுற்று நகர்த்தினேன், உள்ளே மிச்சம் இருக்கும் ஈரத்துக்கு. அதற்கு மேல் ஒரு நூல்கூட இல்லை.

திம்மராயப்பா ஒரு தடவை சுண்டினார்.

ஐயோ, அந்தச் சத்தம்! எலுமிச்சம்பழம் அளவு இன்ஜின், ஆயிரம் வண்டு சேர்ந்து கத்துகிற மாதிரி அலறியது. முன்வரிசை இரண்டடி பின்னால் போனது. நான் சூடேத்தியைப் பிடுங்கினேன். இன்ஜின் நிற்கவில்லை! விளக்கெண்ணெய்ப் புகை முகத்தில் அடித்தது. பாய் வாலைப் பிடித்துக்கொண்டிருக்க, திம்மராயப்பா நடுமைதானத்துக்கு ஓடிப்போய், விமானத்தோடு இணைத்த இரண்டு மெல்லிய கம்பிகளின் பிடியைக் கையில் எடுத்தார். தலையசைத்தார். பாய் விட்டார்.

புல்லை உரசியது. எழுந்தது. அவரை நடுவில் வைத்து வட்டம் வட்டமாகப் பறந்தது. மேலே போனது, கீழே வந்தது, காட்சிக் கொட்டகையின் கூரை உயரத்துக்கு மறுபடி போனது. மலைத்தேன் விற்க வந்தவர் ஒருவர் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, “கயிறு போட்டு மாடு மேய்க்கறவனப் பாத்துக்கீறேன். கயிறு போட்டுக் காத்த மேய்க்கறவன இன்னைக்குத்தான் பாக்கறேன்” என்றார். இதைவிட நன்றாக நான் எழுதிவிட முடியுமா?

இருபத்தாறு சுற்று. நான் எண்ணினேன். எண்ணெய் தீர்ந்து, சத்தம் அடங்கி, புல்லில் சறுக்கி நின்றது. கரும்புக்காரர்தான் முதலில் கை தட்டினார்.

திம்மராயப்பா கூட்டத்தைக் கவனிக்கவே இல்லை. நேராக வந்து பிளக்கைக் கழற்றி, சூரியனுக்கு எதிரே பிடித்தார். சுருள் முழுதாக, பளபளவென்று இருந்தது. என்னிடம் நீட்டினார். அந்தப் பிளக்கை நான் கையில் வாங்கியது அப்போதுதான்.

மைக்கில் பேசிக்கொண்டிருந்தவர் ‘பெங்களூர் இன்ஜினீயருக்கு நன்றி’ என்று ஆரம்பித்தார். திம்மராயப்பா மைக்கை வாங்கினார்.

“நான் இன்ஜினீயர் இல்லீங்க, பிட்டர். விமானம் நான் கட்டினது. கிளப்புனது நம்ம பஸ் பட்டறை மேஸ்திரி. ரெண்டு பிளக்ல ஒண்ண எரிச்சதும் இவருதான், இன்னொண்ணக் காப்பாத்துனதும் இவருதான்!”

ஊரே திரும்பி என்னைப் பார்த்தது. எரித்த சமாச்சாரத்தை அவர் மைக்கில் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஒன்று... அதைச் சொன்னதால்தான் மற்றதை ஊர் நம்பியது.