குலவை விழுந்த பாட்டு

போன வாரம் கோட்டையூர் டவுன் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு காலேஜ் பிள்ளைகள். ஒருத்தி செல்போனில் பாட்டு வைத்தாள். கிதார் சத்தம் கேட்டதுமே எந்தப் பாட்டு என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"இருடி, இப்ப ஒரு குலவை வரும் பாரு. புல்லரிச்சிரும்" என்றாள்.

வந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நடுத்தெருவில் சேலை அவிழ்ந்த மாதிரி இருந்தது. அந்தக் குலவை நான் போட்டது.

பெருமைதானே என்பீர்கள். அது அப்படியில்லை. அஞ்சாங்கிளாஸ் எழுத்து, கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள்.

என் வீட்டுக்காரர் தவறிய மறுவருசம் ஒரு பெரிய வீட்டில் சமையலுக்கு நின்றேன். அந்த வீட்டு முற்றத்தைக் கச்சேரிக்கு விட்டிருந்தார்கள். மெட்ராஸிலிருந்து கிதாரோடு ஒரு பெண் வந்திருந்தாள். கூடப் பாடுகிறவர் நம்ம சிவகங்கைப் பக்கம், கிராமத்து மெட்டில் சொந்தமாகப் பாட்டுக் கட்டுகிறவர். அவள் ஒரு அடி பாட, இவர் மறு அடி எடுக்க, இரண்டு பேர் பாட்டையும் கலந்து ஒரு ஆல்பம். ஜனத்துக்கு நடுவில் வைத்து, கைதட்டு, இருமல் எல்லாம் சேர்த்தே பதிவாம். ஒத்திகை நேரத்தில் நான் கந்தரப்பம் சுட்டுக்கொண்டிருந்தேன். அது எண்ணெயில் வேகிற வாசனை வந்தால் இன்றைக்கும் என் காதில் "ஹலோ, மைக் டெஸ்ட்" கேட்கும்.

கச்சேரியில் கல்யாணப் பாட்டு ஒன்று வந்தது. பொண்ணு தாலிக்குத் தலை குனிகிற அடியை இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தார்கள். சின்ன வயசிலிருந்து அந்த நேரத்தில் குலவை போட்டே பழகிய நாக்கு. அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றவள், என்னை மறந்து போட்டுவிட்டேன்.

எங்கள் பக்கம் தாலி அறுத்தவள் நல்ல காரியத்தில் குலவை போடமாட்டாள். முன்னால் வந்தே நிற்கமாட்டாள். ஜனம் கைதட்டியது. பாத்திரம் விளக்குகிற பாண்டியம்மா, "அடிப்பாவி, வாயப் பொத்துடி!" என்று என்னை உள்ளே இழுத்தாள்.

மறுநாள் காலையில் கிதார்க்காரப் பெண்ணிடம் போய், "தாயி, அத மட்டும் அழிச்சிருங்க" என்றேன்.

"ஐயோ, பாட்டுலயே அதாம்மா நல்ல எடம். ஏன் வேணாங்கிறீங்க?"

"சும்மாதான்" என்றேன். கூச்சம் என்று நினைத்துச் சிரித்துவிட்டாள்.

ஆல்பம் வெளியான அப்புறம் என் அண்ணன் மகள் கல்யாணம், பிள்ளையார்பட்டியில். நான் தூக்கி வளர்த்த பிள்ளை. நான் பந்திப் பக்கம் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். தாலி கட்டுகிற நேரம் பார்த்து ஸ்பீக்கர்காரர் அந்தப் பாட்டைப் போட்டார். மதினி பாய்ந்து வந்தார்.

"ஏத்தா, ஒன் தொண்டைதான இது? எம்மக தாலிக்கு ஒன் வாய்தான் கெடச்சுச்சா?"

"வேணும்னு பண்ணல மதினி. பொண்ணுகிட்ட சொல்லிராதீக."

பாட்டைப் பாதியில் நிறுத்தினார்கள். அதற்குப்பின் அந்தப் பிள்ளைக்குத் தலைவலி என்று கேட்டாலும், மாப்பிள்ளை பஸ்ஸில் போகிறார் என்று கேட்டாலும் எனக்குச் சோறு இறங்காது. அவள் குழந்தை பெற்று வீடு வந்த பிறகுதான் மூச்சு விட்டேன்.

அண்ணன் போய்ச் சேர்ந்ததற்கு அப்புறம் இளையவளின் கல்யாணம். மதினி தாமாகவே காய் நறுக்குகிற இடத்துக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். பெற்ற தாய். "மேடைக்குப் போங்க மதினி" என்றேன். "போதும், கத்தரிக்காய இங்குட்டுத் தள்ளு" என்றார். ஸ்பீக்கரில் அதே பாட்டு. இந்தத் தடவை யாரும் நிறுத்தவில்லை. குலவை முடிகிறவரை அவர் கை ஓடவில்லை.

"நல்லாத்தான் போட்ருக்க, பாவி மக."

எனக்குத் தலை நிமிரவில்லை.

மதினியும் போய்விட்டார். அந்த வீடு ஹோட்டலாகிவிட்டது. பாடின இரண்டு பேரும் இப்போது சேர்ந்து பாடுவதில்லையாம். கல்யாணங்களில் பொம்பளைகள் குலவை போடுவதும் குறைந்துவிட்டது. அந்த நேரம் வந்தால் போனில் என்னுடையதைத் தட்டிவிடுகிறார்கள். அது யார் தொண்டை என்று கண்டுபிடித்து என்னைத் திட்ட இப்போது ஊரில் ஒருத்தருமில்லை.