எல்லை தாண்டினால் கயிறு செல்லாதாம்

கச்சிராயபாளையம் டீக்கடையில் அன்று நாங்கள் நான்கு பேர். பள்ளிக்கூடக் கூட்டாளிகள், மீசை முளைத்த நாளிலிருந்து சேர்ந்து குடித்தவர்கள். அவர்கள் மூவரும் இன்னும் குடிக்கிறார்கள். நான் ஏழு மாதமாகத் தொடுவதில்லை. மலையடிவாரத்து அம்மன் கோயிலில் பூசாரி கட்டிய மஞ்சள் கயிறு என் வலது மணிக்கட்டில் இருக்கிறது. ஒரு வருஷம் குடிக்க மாட்டேன் என்று கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தபோது மனைவி பக்கத்தில் நின்று அழுதாள். கயிறு கட்டினால் குடி நிற்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. எனக்கு நின்றது.

அன்றைய பேச்சு பாண்டிச்சேரியைப் பற்றி. சென்னையில் வேலை பார்க்கும் ஒருவன் போனில் பட்டியலோடு வந்திருந்தான். வெள்ளைக்காரன் காலத்து பார்களாம்: தேக்குக் கவுண்டர், பழைய நிலைக்கண்ணாடி, சுண்ணாம்புச் சுவர். சனிக்கிழமை சாயங்காலம் தொடங்கி ஒவ்வொன்றாக ஏறி இறங்குவது என்று திட்டம்.

"இது குடி இல்லடா, வரலாறு" என்றான்.

நம்மூர் பாரில் முட்டை ஓட்டையும் வாந்தியையும் மிதித்துக்கொண்டு, எவனோ குடித்துப் போட்ட பிளாஸ்டிக் டம்ளரைக் கழுவாமல் வாங்கிக் குடித்த கூட்டம் இது. இப்போது சுவருக்கு வயது கேட்கிறதாம். தூ.

"நீயும் வரணும்டா. பொண்டாட்டிக்கு பயந்துகினு எப்படி எளச்சிப் போயிட்ட பாரு" என்றான் செங்கல் சூளை வைத்திருப்பவன். ஆடு நனைகிறது என்று ஓநாய் அழுத கதைதான்.

"கயிறு இருக்குதே" என்றேன்.

"அது இன்னா பெரிய கயிறு? நம்ம அம்மனுக்கு நம்ம ஜில்லாதான். மதகடிப்பட்டுல பாண்டி எல்லை வந்துட்டா வேற கவர்மென்டு. அங்க செல்லாது" என்றான் சூளைக்காரன்.

யாரும் சிரிக்கவில்லை. நிஜமாகவே யோசித்தார்கள். மூன்றாமவன் கரும்பு லாரி ஓட்டுகிறவன். போன வருஷம் தானும் கயிற்றோடு பாண்டியில் குடித்ததாகவும், ஒன்றும் ஆகவில்லை என்றும் சாட்சி சொன்னான். சாமியை ரேஷன் கார்டாக்கிவிட்டார்கள். எனக்கு அருவருப்பாக இருந்தது. எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை.

சென்னைக்காரன் வரிசையைப் படித்தான்.

"பீச்சுப் பக்கத்து பாருக்கு மொதல்ல போங்கடா. இருட்டினா கூட்டம் ஜாஸ்தி, நின்னுகினுதான் குடிக்கணும்."

சொன்னது நான். எங்கே வறுத்த மீன் நன்றாக இருக்கும் என்பதையும் நானே சொன்னேன். வாயில் எச்சில் ஊறியது. மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எழுந்தேன். வருகிறேன் என்று சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

வீட்டில் சோற்றில் கை வைத்தபோது மனைவி என் மணிக்கட்டைப் பார்த்தாள். கயிறு தொளதொளவென்று தொங்கியது. முடிச்சு பாதி அவிழ்ந்திருந்தது. டீக்கடை மேசைக்கு அடியில் என் இடது கை அத்தனை நேரமும் என்ன செய்துகொண்டிருந்தது என்று அப்போதுதான் உறைத்தது.

"குளிக்கசொல்ல அவுந்துக்கிச்சாங்க?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றேன்.

குடிகாரன் பேச்சு விடிந்தால் போச்சு என்பார்கள். பதினைந்து வருஷம் அப்படிச் சொன்ன பொய்களையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். இது குடிக்காமல் சொன்ன பொய். அந்த மூவரையும்விட என்னைப் பார்த்தே எனக்கு அதிகம் குமட்டியது.

அவள் சோற்றுக் கையை அப்படியே இழுத்து, முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்கினாள். சனிக்கிழமை வரைக்கும் மணிக்கட்டு வலித்தது. நான் போகவில்லை.