மடியில் ஒரு கல்யாண கேக்

போன வருடக் கடைசி, மழைக்காலம். சிங்கப்பூரில், சுவா சூ காங்கில், எங்கள் வீட்டுச் சன்னலிலிருந்து பார்த்தால் எதிரே உள்ள அடுக்குமாடி புளோக் மத்தியான மழையில் கரைந்து காணாமல் போகும். சாயங்காலம் மறுபடி மெல்லத் தோன்றும். அந்த மாதங்களை நினைத்தால், எல்லாவற்றையும் தண்ணீருக்கு அடியிலிருந்து பார்த்தது போலத்தான் எனக்கு ஞாபகம் வருகிறது.

என் கணவர் ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் வேலை பார்த்தார். கிரேன் தூக்கி வரும் இரும்புத் தகடுகளைக் கீழே நின்று கையசைத்து வழிகாட்டி, உரிய இடத்தில் பூப்போல இறக்க வைக்கும் வேலை. ஒருநாள் கப்பலுக்குள் ஏணியிலிருந்து தவறி விழுந்துவிட்டார். முதுகெலும்பில் முறிவு. அறுவை சிகிச்சை செய்து, திருகாணி வைத்து, வீட்டுக்கு அனுப்பினார்கள். கால்களில் உணர்ச்சி இருந்தது, பலம்தான் இல்லை. விடாமல் உடற்பயிற்சி சிகிச்சைக்கு வந்தால் நடை திரும்பும், இந்தச் சில மாதங்களை விட்டுவிட்டால் பிறகு கஷ்டம் என்று மருத்துவமனையில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்.

போய் வருவதுதான் பிரச்சினை. டாக்சியில் இருக்கை தாழ்வாக இருக்கும். அதற்குள் குனிந்து உட்காருவதற்குள் அவருக்கு உயிர் போய் உயிர் வரும். எங்களிடம் ஒரு பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப் இருந்தது. விடுமுறையில் மலேசியா பக்கம் காட்டுப் பாதைகளில் சுற்றுவதற்காக செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அதன் இருக்கை அவர் இடுப்பு உயரத்தில் இருக்கும். சாய்ந்து உட்கார்ந்து, காலை மட்டும் திருப்பி உள்ளே வைத்தால் போதும். ஏறுவது அவ்வளவு சுலபம். ஆனால் ஓடும்போது அது கட்டை வண்டிதான். சாலையில் ஒரு சின்ன மேடு இருந்தாலும் அப்படியே முதுகில் கொண்டுவந்து கொடுக்கும்.

முதல் தடவை கூட்டிக்கொண்டு போனபோது கார்பார்க் வாசலில் வேகத்தைக் குறைக்கப் போட்டிருந்த ஹம்ப்பைத் தாண்டினேன். மெதுவாகத்தான் தாண்டினேன். அவர் கத்திவிட்டார். இத்தனை வருடத்தில் அந்த மனிதர் கத்தி நான் கேட்டதே இல்லை. திரும்பி வந்து படுத்தவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்த முறை கிளம்பச் சொன்னபோது, "என்னைக் கொஞ்சம் விட்டுடு" என்று மட்டும் சொன்னார்.

நான் விடவில்லை. இருக்கையில் தடிமனான பஞ்சு மெத்தை வாங்கிப் போட்டேன். அதில் நானே உட்கார்ந்து பார்த்தேன். உடம்பு புதைந்து, ஹம்ப்பில் எகிறி, முன்னைவிட மோசமாக இருந்தது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் கேட்டேன். இதை விற்றுவிட்டு நல்ல கார் வாங்குங்கள் என்றார்கள். அவர் ஏறக்கூடிய ஒரே வண்டி இதுதான் என்று அவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

அந்தச் சமயத்தில் ஒருநாள் தேக்கா சந்தைக்குக் காய்கறி வாங்கத் தனியாகப் போயிருந்தேன். மல்லிகையும் ஈரமும் கலந்த வாசனை. கடைகளில் விளக்குகள் பகலிலேயே எரிந்துகொண்டிருந்தன. எதை வாங்கினேன், எதை மறந்தேன் என்று தெரியாமல் பையைத் தூக்கிக்கொண்டு கார்பார்க்குக்கு வந்தால், ஒருவர் என் ஜீப்புக்குப் பக்கத்தில் குந்தி, அடியில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். திக்கென்றது. சத்தம் போடலாமா என்று யோசிப்பதற்குள் அவரே எழுந்து மன்னிப்புக் கேட்டார். என் வயதுதான் இருக்கும். தமிழ் முஸ்லிம். வெள்ளைச் சட்டையில் தோள்பட்டை ஓரம் மாவோ சர்க்கரையோ ஒட்டியிருந்தது. பக்கத்தில் நின்ற வண்டியைக் காட்டி, தன்னுடையதும் இதே ரகம்தான், அதனால் சும்மா பார்த்தேன் என்றார்.

"தங்கச்சி, தப்பா நினைக்காதீங்க. இதுல பாரம் ஏத்துற ஸ்பிரிங் போட்டிருக்காங்க. வெறும் வண்டியா ஓட்டினா இடுப்பு ஒடிஞ்சிடும் லா. யாரு உட்கார்ந்து போறாங்க?"

அந்தக் கடைசிக் கேள்வியில் எனக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை. காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு அழ ஆரம்பித்துவிட்டேன். முன்பின் தெரியாத ஒருவரிடம், கார்பார்க் தூணுக்குப் பக்கத்தில் நின்று, ஏணியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. முழுவதும் கேட்டுவிட்டு, டயரில் எவ்வளவு காற்று வைக்கிறேன் என்று விசாரித்தார்.

அவரும் அவர் மனைவியும் கல்யாண கேக் செய்பவர்கள். மனைவி செய்வார், இவர் கொண்டுபோய்ச் சேர்ப்பார். இரண்டடுக்கு, மூன்றடுக்கு கேக்குகளைத் தீவின் எந்த மூலைக்கும், சில நேரம் எல்லை தாண்டி ஜொகூருக்கும் கொண்டுபோக வேண்டும். வழியில் சரிந்தால் ஒரு கல்யாண வீட்டின் முகமே வாடிவிடும். அதனால் தன் ஜீப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக மிருதுவாக்கப் பல வருடம் மெனக்கெட்டதாகச் சொன்னார். என் ஓட்டுநர் கதவைத் திறக்கச் சொல்லி, ஓரத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டினார். வண்டிக்கு எவ்வளவு காற்று போதும் என்று அதிலேயே போட்டிருந்தது. பழைய சொந்தக்காரர் பாரத்துக்காக ஏற்றிவைத்த அளவை நானும் அப்படியே தொடர்ந்திருக்கிறேன். அவர் தன் வண்டியிலிருந்து அளவுமானியை எடுத்துவந்து, அங்கேயே நான்கு டயரிலும் காற்றைக் குறைத்துக் கொடுத்தார். வீடு திரும்பும்போதே வித்தியாசம் தெரிந்தது.

அடுத்த வாரம் ஜூரோங்கில் தனக்குப் பழக்கமான ஒர்க்‌ஷாப்புக்கு வரச் சொன்னார். தானும் கூட வந்து நின்றார். பாரத்துக்கான ஸ்பிரிங்கைக் கழற்றி, கம்பெனி முதலில் கொடுத்த மாதிரியான ஸ்பிரிங்கையே போட்டார்கள். பழைய அளவுக்கே திரும்புவதால் வருடாந்தர வண்டிச் சோதனையிலும் தொந்தரவு வராது என்றார்கள். அதற்கு ஒத்துப்போகும் ஷாக் அப்சார்பர் மாற்றினார்கள். இணைப்புகளில் இருக்கும் ரப்பர் புஷ் எல்லாம் காய்ந்து கல்லாகிப் போயிருந்தது, அதையும் மாற்றினார்கள்.

வேலை முடிந்ததும் பாய், அவரை அப்படித்தான் கூப்பிட ஆரம்பித்திருந்தேன், ஒரு தட்டை எடுத்துவந்தார். சிவப்பு நிறத்தில், கோபுரம் மாதிரி வார்த்த அகார் அகார், கடற்பாசி ஜெல்லி. அதை என் கணவர் உட்காரும் இருக்கையில் வைத்து, நழுவாத விரிப்பால் அணைத்துவிட்டு, தான் பின்னால் ஏறிக்கொண்டார். லிம் சூ காங் சாலை வரைக்கும் போய் வந்தோம். இரண்டு பக்கமும் பச்சை, மேலே தாழ்ந்த மேகம், நடுவில் அந்தச் சிவப்புக் கோபுரம் மட்டும் தனக்குத்தானே நடுங்கிக்கொண்டு வந்தது. ஹம்ப்பில் அசைந்தது, ஆடியது, மறுபடி நிமிர்ந்து நின்றது. ஓரமாக நிறுத்தி அதை நாங்களே சாப்பிட்டோம். பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் எனக்கு நாக்கில் இனிப்புத் தெரிந்தது.

ஆனால் வீட்டில் எதுவும் மாறவில்லை. வண்டி இப்போது மெத்து மெத்தென்று இருக்கிறது என்று எவ்வளவோ சொன்னேன். என் கணவர் கேட்டுக்கொண்டார், வரவில்லை. ஒரு தடவை வாங்கிய வலியை உடம்பு மறக்காது போலிருக்கிறது. பாயிடம் போனில் இதைச் சொன்னபோது, என் கணவர் பட்டறையில் என்ன வேலை பார்த்தார் என்று மட்டும் விசாரித்தார்.

ஒரு சனிக்கிழமை காலை பாய் போன் செய்தார். வண்டி மக்கர் பண்ணுகிறது, சாங்கியில் கடற்கரை ஓரம் ஒரு மண்டபத்தில் கேக் கொடுக்க வேண்டும், உங்கள் ஜீப் கிடைக்குமா என்று கேட்டார். தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். ரயிலில் வந்து இறங்கியவர், சாவியை வாங்காமல் நேராக என் கணவர் படுத்திருந்த அறைக்குள் போனார். பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொண்டார். உடம்பு எப்படி என்றுகூடக் கேட்கவில்லை.

"அண்ணே, ஒரு உதவி. கீழ் ரெண்டு அடுக்கை நான் பின்னால உட்கார்ந்து பார்த்துக்குவேன். மேல் அடுக்கை மடியில வெச்சுப் பிடிக்க ஒரு ஆள் வேணும். என் வீட்டுக்காரம்மா இன்னொரு கல்யாணத்துக்குப் போயிட்டாங்க."

என் கணவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கதவோரம் நின்றேன். வெளியே மழை பிடிக்கத் தொடங்கியது. அவர் மெல்லத் தன் கைகளைத் தூக்கிப் பார்த்தார். அப்புறம் கேட்டார்: "என்ன கனம் இருக்கும்?"

அத்தனை வாரத்தில் அவர் தானாகக் கேட்ட முதல் கேள்வி அது.

பாய் வீட்டு புளோக் ஜூரோங்கில். அங்கே போய்ச் சேரும் வரை என் கணவர் கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்திருந்தார். ஹம்ப் வரும்போதெல்லாம் நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். அவர் கத்தவில்லை. புளோக்குக்குக் கீழே நிறுத்திக் காத்திருந்தபோது, பின்பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். எங்களுக்குப் பின்னால், திறந்தவெளி கார்பார்க்கில், பாயின் ஜீப் மழையில் நனைந்துகொண்டு நின்றது. மக்கர் பண்ணுவதாகச் சொன்ன வண்டிதான், ஆனால் அதன் அடியிலும் தரை ஈரமாக இருந்தது, மழை தொடங்கிய பிறகு பாய் வீட்டில் யாரோ அதை ஓட்டிவந்து நிறுத்தியிருக்க வேண்டும். என் கணவரால் பின்னால் திரும்பிப் பார்க்க முடியாது. நான் பார்வையை முன்னால் திருப்பிக்கொண்டேன்.

கேக் வந்தது. கீழ் அடுக்குகள் இரண்டும் பின்னால் ஏறின, பாய் அவற்றோடு உட்கார்ந்துகொண்டார். மேல் அடுக்கு, கண்ணாடி மாதிரி மூடி போட்ட பெட்டியில், என் கணவர் மடிக்கு வந்தது. சர்க்கரையில் செய்த வெள்ளைப் பூக்கள், இதழ் இதழாக, ஊதினால் பறந்துவிடும் போல. அவர் இரண்டு கையாலும் அதைப் பிடித்த விதத்தைப் பார்த்ததும் எனக்கு அந்தப் பழைய மனிதர் தெரிந்தார்.

விரைவுச்சாலையில் மழை எங்களைச் சுற்றித் திரை போட்டுவிட்டது. கட்டடங்கள் சாம்பல் நிறத்தில் வந்து வந்து மறைந்தன. மேம்பாலங்களின் ஓரம் காகிதப் பூச்செடிகள் நனைந்து ஒளிர்ந்தன. சாலையில் எங்காவது ஒட்டுப்போட்ட இடம் தெரிந்தால் என் கணவர் பெட்டியிலிருந்து ஒரு கையை மட்டும் எடுத்து, விரல்களை மெல்லத் தாழ்த்துவார். மெதுவா என்று அர்த்தம். பட்டறையில் கிரேன் ஓட்டுநருக்குக் காட்டும் அதே சைகை. நான் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பேன், ஜீப் ஒரு படகைப் போல அதைத் தாண்டும்.

கிழக்குக் கடற்கரையை நெருங்கும்போது ஒரு மோட்டார் சைக்கிள் எனக்கு முன்னால் ஈரத்தில் வழுக்கி ஆடியது. பிரேக்கை அழுத்தினேன். ஜீப்பின் மூக்கு ஆழமாகத் தாழ்ந்து எழுந்தது. அந்த மோட்டார் சைக்கிள்காரர் எப்படியோ நிமிர்ந்து ஓட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்குப் பக்கத்தில் பார்க்கவே பயம். அவர் குனிந்து பெட்டிக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு பூ கூட விழல," என்றார்.

பின்னாலிருந்து பாய் நிம்மதியாக மூச்சு விடுவது கேட்டது. அதற்கப்புறம்தான் என் கணவருக்கே உறைத்தது. இடது கையால் முதுகைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். வலி இருந்ததாம், ஆனால் தாங்குகிற வலியாம்.

மண்டபத்தில் கேக்கை அடுக்கி நிறுத்த வேண்டியிருந்ததால் பாய் அங்கேயே இருந்துவிட்டார். கிளம்பும்போது என் கணவர் சன்னல் வழியாகக் கையை நீட்ட, அவர் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் மழை விட்டிருந்தது. கடலில் கப்பல்கள் தண்ணீருக்கும் வானத்துக்கும் நடுவில் தொங்குவது மாதிரி நின்றன. கொஞ்ச தூரத்தில் என் கணவரின் தலை சாய்ந்தது. தூங்கிவிட்டார். வீட்டில் மாத்திரை போட்டும் வராத தூக்கம். எங்கள் பக்கம் திரும்ப வேண்டிய இடம் வந்தபோது எனக்கு வண்டியை நிறுத்த மனம் வரவில்லை. நேராகப் போய்க்கொண்டே இருந்தேன். தீவின் மேற்கு முனையில், துவாஸ் பக்கம், சாலை காலியாக, தொழிற்சாலைகளின் புகை வெள்ளையாக மேகத்தோடு சேர்ந்துகொண்டிருந்தது. ஈரச் சாலையில் சக்கரம் ஓடும் சத்தமும் அவர் மூச்சும் தவிர உலகத்தில் வேறு எதுவும் இல்லை. அந்தப் பயணம் முடியவே வேண்டாம் என்று தோன்றியது.

விழித்ததும் எங்கே இருக்கிறோம் என்று கேட்டார். சொன்னேன். சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "பாய் வண்டியப் பார்த்தேன். என் பக்கக் கண்ணாடியில தெரிஞ்சுது. நல்லாத்தான் நின்னுச்சு," என்றார்.

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"நீ அவர்கிட்ட எதுவும் கேட்டுடாத," என்றார்.

அடுத்த வாரமே சிகிச்சைக்கு வரச் சம்மதித்தார். அதற்கப்புறம் ஒரு தடவைகூடத் தவறவிடவில்லை. இப்போது கைத்தடியோடு நடக்கிறார். பட்டறையில் அலுவலகத்துக்குள் உட்காரும் வேலை கொடுத்திருக்கிறார்கள். சனிக்கிழமைகளில் பாய்க்கு ஆள் தேவைப்பட்டால், மேல் அடுக்கைப் பிடிக்க இவர்தான் போகிறார். இன்றுவரை நாங்கள் அந்த வண்டியைப் பற்றிக் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

வலியோடு யாராவது வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடக்கிறார் என்று கேள்விப்பட்டால், முன்பெல்லாம் பழம், ஹார்லிக்ஸ் என்று எதையாவது வாங்கிக்கொண்டு போவேன். இப்போது, அவரிடம் என்ன உதவி கேட்கலாம் என்று யோசித்துக்கொண்டே போகிறேன்.