லெவல் ஏறும் விதியில் பாதி நசீமாவுடையது

இன்று சிங்கப்பூர் ஃபேரர் பார்க் காப்பிக்கடையில் என் பதிப்பாளர் பிரியா கையை விரித்துவிட்டார்.

“அக்கா, லைசென்ஸ்படி கேரக்டர் லெவல் ஏறுற கேம் கம்பெனியோட விதிய நம்ம ரோல்பிளே கேம் புத்தகத்துல போட முடியாது லா. சொந்தமா ஒண்ணு எழுதுங்க.”

சொந்தமாக ஒன்று இருக்கிறது. எண்பதுகளின் கடைசியில், குவீன்ஸ்டவுன் அடுக்குமாடி புளோக் படிக்கட்டில் பகடை உருட்டி விளையாடிய நாள்களில், நானும் தோழி நசீமாவும் எழுதியது. அரக்கனைக் கொன்றால் லெவல் ஏறாது. கூட வருபவளைக் காப்பாற்றினால்தான் ஏறும்.

“அப்பதான்டி நீ என்னை விட்டுட்டு ஓட மாட்டே,” என்பாள் நசீமா.

பிறகு அவள் குடும்பம் பெர்த் போய்விட்டது. அவளுடைய கடைசிக் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை.

விதியையும் நசீமாவையும் பற்றிச் சொன்னதும், “அப்போ அவங்க பெர்மிஷனும் வேணுமே,” என்றார் பிரியா.

வேண்டும்தான்.

நசீமாவைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால், நான் தேடுவதாகச் சொல்லுங்கள். வெறும் லைசென்ஸ் விஷயம் என்றே சொல்லுங்கள்.