நேரம் தாண்டிய பாக்கெட்

என் மனைவிக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. யார் எதைச் சொன்னாலும் அதை அப்படியே செய்து பார்த்துவிடுவாள். "ஒரு போன் போடு, ஓடி வந்திடுறேன்" என்று வாய் விட்ட உறவினர்கள் பலர் பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை.

பிழைப்புக்கும் அதையேதான் செய்தாள். இன்ஜினியர்கள் உருவாக்கும் மென்பொருளுக்கு விளக்கக் குறிப்பு எழுதும் வேலை. தானே பார்க்காத எதையும் எழுத மாட்டாள். இரண்டு மேசை தள்ளி, சோதனைப் பிரிவில் நான்.

ஒருமுறை ஒரு நெட்வொர்க் கார்டின் டிரைவருக்கு, அதாவது அந்தக் கார்டை இயக்கும் மென்பொருளுக்கு, எழுத வேண்டியிருந்தது. தகவலைச் சுமந்து போகும் பாக்கெட்டுக்குப் புறப்படும் நேரத்தைக் குறித்துக் கொடுத்தால், கார்டு அதைப் பிடித்து வைத்திருந்து சரியாக அந்த நொடியில் அனுப்பும். அந்த டிரைவரை எழுதியவனுக்கு, கசங்காத சட்டைகளால், 'மாப்பிள்ளை' என்று பெயர்.

"பாக்கெட் குறிச்ச நேரம் தாண்டி வந்தா என்னப்பா ஆகும்?"

"உடனே அனுப்பிடும் மேடம். எழுதிக்கோங்க."

"நீ பார்த்தியா?"

"நான்தானே எழுதினேன்!"

"பெத்தவங்க எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க."

அன்று மாலைக்குள் குறிப்பு தயாராகாவிட்டால் அவளுடைய ஒப்பந்தம் நீளாது என்று மேலாளர் சொல்லியிருந்தார். நான் எழுந்து அவள் மேசைக்குப் போனேன்.

"அவன் சொன்னதை எழுதிட்டு வாயேன்டி."

"நீங்க பேசாம அந்த கேபிளைச் செருகுங்க."

மேலாளரையும் இழுத்து வந்து உட்கார வைத்தாள்.

"முதல்ல ஒழுங்கா நேரத்துக்குப் போறதைப் பாருங்க சார்" என்று மாப்பிள்ளை கணினியின் கடிகாரத்தைப் பார்த்து, சில நொடிகள் தள்ளி நேரம் குறித்து அனுப்பினான். மறுமுனைத் திரையில் ஒன்றும் வரவில்லை. பிழைச் செய்திகூட இல்லை. மறுபடி அனுப்பினான்.

"புது இடம்ல, கூச்சப்படுது" என்றாள் இவள்.

மாப்பிள்ளை நெற்றியில் அடித்துக்கொண்டான். "கார்டுக்குன்னு தனிக் கடிகாரம் இருக்கு மேடம்! அது அரை நிமிஷத்துக்கு மேல முந்தி ஓடுது. அதோட கணக்குல நான் அனுப்பினது எல்லாமே லேட்டு."

"லேட்டா வந்தா உடனே அனுப்பிடும்னியே?" என்றார் மேலாளர்.

"தூக்கிப் போட்டுடுது போல சார்."

அவள் விசைப்பலகையை இழுத்துக்கொண்டாள். "இப்ப சொல்லு, எழுதிக்கறேன்."

தானே தட்டினாள்: நேரத்தைக் கார்டின் கடிகாரப்படி குறிக்கவும். தாண்டி வந்த பாக்கெட்டைக் கார்டு சத்தமில்லாமல் தூக்கி எறிந்துவிடும்.

"மேடம், அந்தச் 'சத்தமில்லாமல்' மட்டும் வேண்டாமே. அசிங்கமா இருக்கு."

"உனக்கு ஏதாவது சத்தம் கேட்டுச்சா?"

மேலாளர் சிரித்தபடியே குறிப்பிலும் ஒப்பந்தத்திலும் கையெழுத்திட்டார்.

குறிப்பு இன்னும் இணையத்தில் இருக்கிறது. சற்றுமுன் படித்தேன். அந்தச் சொல்லை யாரும் எடுக்கவில்லை.