கடைசிப் படகின் பின் இருக்கை

அவருக்கு அந்தப் படகுக் கொட்டகையில் ‘வால்’ என்று பெயர். கயாக் என்கிற ஒடுங்கிய துடுப்புப் படகுகள் கடலில் எத்தனை போனாலும் கடைசிப் படகு அவருடையதுதான். யாரையும் முந்தக் கூடாது, யாரையும் பின்னால் விட்டுவிடவும் கூடாது. வயது ஐம்பத்து நாலு. “சின்ன வயசுல வாலுத்தனம் பண்ண விடல. பேராவது இப்ப கிடைச்சுதே” என்பார்.

முதல் படகு அவருடைய கொழுந்தனுடையது. கொட்டகையும் கொழுந்தனுடையதே. முன்னால் போகிறவருக்கு அடுத்த தீவு, நீரோட்டம், காற்று என்று ஆயிரம் கவலை. திரும்பிப் பார்க்க நேரம் ஏது? பின்னால் நடப்பதெல்லாம் அண்ணி பொறுப்பு.

மூன்று நாள், நாலு தீவு, நாலு படகு. பயணிகள் ஐந்து பேர். பல் டாக்டரும் அவர் மனைவியும் ஒரு படகில். வங்கியில் வேலை பார்க்கும் அக்காவும் தங்கையும் இன்னொன்றில். மிச்சம் நான். இந்த ஊருக்கு வேலைக்கு வந்து ஆறு வருஷமாகியும் பஸ்ஸில் இறங்க வேண்டிய நிறுத்தத்தை மூன்று தடவை சரிபார்க்கிறவன். கிளம்பும் முன் கைபேசியில் காற்று நிலவரத்தை ஏழாவது முறை நான் பார்த்ததைக் கொழுந்தன் கவனித்துவிட்டார்.

“இவரை உங்க படகுல போட்டுக்கங்க அண்ணி” என்றார்.

முன் இருக்கை எனக்கு, பின் இருக்கை அவருக்கு. வெட்கமாகத்தான் இருந்தது. நிம்மதி அதைவிடப் பெரிதாக இருந்தது.

கரையில் நின்று வால் எங்களுக்கு ஒரே ஒரு பாடம் சொன்னார். “முடியலன்னா துடுப்பை நெட்டுக்குத்தா தூக்கிப் பிடிங்க. நான் வந்துடுவேன். கடல்ல வந்து வெட்கப்படாதீங்க. மத்தபடி பல்லைக் கடிச்சுக்கிட்டு போயிட்டே இருக்க வேண்டியதுதான்.”

“அதை மட்டும் செஞ்சுடாதீங்க, அப்புறம் என்கிட்டதான் வரணும்” என்றார் பல் டாக்டர்.

முதல் நாளே உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. துடுப்பைப் போடுவதும் எடுப்பதும் தவிர உலகத்தில் வேறு வேலையே இல்லை என்பது போல மணிக்கணக்காக. பின்னாலிருந்து அவர் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பதினாலு வருஷம் வேலை பார்த்தவர். தரைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத கூடம். மேல்மாடிகளிலிருந்து அழுக்கு விரிப்புகள் ஒரு குழாய் வழியாகத் தொப் தொப்பென்று வந்து விழும்.

“வெளியே மழை பெய்யுதான்னு தெரியணும்னா படியேறிப் போய்ப் பார்க்கணும் சார். அங்க எங்களுக்கு எல்லா நாளும் ஒரே வெயில், அந்த மெஷின் வெயில்.”

கொழுந்தனின் லைஃப் ஜாக்கெட்டுகளைத் துவைத்துக் கொடுக்கத்தான் முதலில் கொட்டகைக்கு வந்தாராம். ஒருநாள் கடைசிப் படகுக்கு ஆள் வரவில்லை. ஏறி உட்கார்ந்தவர், பதிமூன்று வருஷமாக இறங்கவில்லை.

“அப்போ இந்த வேலைல களைப்பே இல்லையாக்கா?”

“இல்லாம? உடம்பு உப்புக்கண்டமா ஆயிடுச்சு. ஆனா இது வானத்துக்குக் கீழ படுற களைப்பு.”

இரண்டாம் நாள் அந்தச் சோதனையைப் பற்றிச் சொன்னார். பருவம் முடியும்போது, கடைசிப் பயணத்திலிருந்து திரும்பியதும், வழிகாட்டிகள் கரையோரத்தில் படகைக் கவிழ்த்துத் தண்ணீரில் விழுந்து, யார் உதவியும் இல்லாமல் திரும்ப ஏறிக் காட்ட வேண்டும். ஏறினால்தான் கொழுந்தன் அடுத்த வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுவார். ஏற முடியாதவர்களுக்குக் கவுன்ட்டர் வேலை. கவுன்ட்டரை ஒட்டியே ஈரத் துணி உலர்த்தும் அறை. ஹீட்டர்கள் உண்டு, ஜன்னல் கிடையாது. இதுதான் இந்தப் பருவத்தின் கடைசிப் பயணம்.

“நீங்க அசால்ட்டா ஏறிடுவீங்க” என்றேன்.

“நீங்க நல்லா துடுப்பு போடுறீங்க சார்” என்றார், சம்பந்தமே இல்லாமல். நான் அந்தப் பாராட்டிலேயே உப்பிப்போனேன். அவர் டீ குடிப்பது இடது கையில், கூடாரக் கயிற்றை இழுப்பது இடது கையில், ஜாக்கெட் ஜிப்பை மட்டும் என்னை மாட்டிவிடச் சொல்கிறார் என்பதெல்லாம் கண்ணில் பட்டது; புத்தியில் படவில்லை.

மூன்றாம் நாள் கடைசித் தீவிலிருந்து கரைக்குத் திரும்பினோம். பக்கவாட்டில் காற்று. கொப்பளத்தில் ஒட்டிய பிளாஸ்திரி கழன்றுவிட, சரிசெய்வதற்காகத் துடுப்பை நிறுத்தினேன். படகும் நின்றது. நின்றதோடு மெல்லக் குறுக்கே திரும்பவும் ஆரம்பித்தது. மற்ற மூன்று படகுகளும் விலகிப் போய்க்கொண்டிருந்தன.

திரும்பிப் பார்த்தேன். அவர் துடுப்பு மடியில் கிடந்தது. கால்கள் மட்டும் சுக்கானின் பெடலில் இருந்தன.

“அக்கா, நீங்க போடலையா?”

“சுக்கான் பிடிக்கிறேன்ல.”

“மூணு நாளாவா?”

“மூணு மாசமா.” வலது கையைத் தூக்கிக் காட்டினார். மார்பு உயரத்தோடு அது நின்றுவிட்டது. “தோள் போச்சு சார். இவ்வளவு நாளும் நல்ல பலசாலியா பார்த்து முன்னாடி உட்கார வெச்சு ஓட்டிட்டேன். போன தடவை ஒரு போலீஸ்காரர், ராஜா மாதிரி போட்டார். இந்தத் தடவை தம்பி உங்களைத் தலையில கட்டிட்டார். வாய்ச்ச மாட்டை வெச்சுத்தானே உழணும்?”

சிரிப்பு வரவில்லை எனக்கு. துடுப்பைப் பிடித்து வெறி பிடித்தவன் போல் போட்டேன். போட்டுக்கொண்டே கேட்டேன், “யாராவது கவிழ்ந்திருந்தா?”

“தினமும் கரையேறுற வரைக்கும் அதேதான் நினைப்பு. ஏறினதும், நாளைக்குச் சொல்லிடலாம்னு தோணும். நீங்க தம்பிகிட்ட சொல்லணும்னா சொல்லுங்க சார். தப்பு இல்ல.”

அப்போதுதான் எங்களுக்கு முன்னால் போன சகோதரிகளின் படகில் தங்கையின் தொப்பி பறந்தது. அவள் எட்டிப் பிடிக்கச் சாய, அக்காவும் அதே பக்கம் சாய, படகு ஒருக்களித்துத் தண்ணீரை அள்ளியது. பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. வால் தன்னை மறந்து வலது கையால் துடுப்பை ஓங்கியிருக்கிறார். வலி பிடுங்கிய சத்தம் அது. அதற்குள் சகோதரிகள் எப்படியோ நிமிர்ந்துவிட்டார்கள். “உன்னாலதான்டி!” “நீ ஏன்டி சாய்ஞ்ச?” என்று சண்டைகூடப் போட்டுக்கொண்டார்கள். கொழுந்தன் திரும்பவே இல்லை.

கரை வரும்வரை நான் துடுப்பை நிறுத்தவில்லை.

கொழுந்தன் முதலில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். “வாங்க அண்ணி, சடங்கை முடிச்சுடலாம். கவிழ்ங்க பார்ப்போம்!”

நான் இறங்கிக்கொண்டேன். பல் டாக்டர் கைதட்டினார், அவர் மனைவி கைபேசியை எடுத்தார். ‘நேத்து பாறையில வழுக்கி விழுந்துட்டாங்க, இன்னிக்கு வேணாம்’ என்று ஒரு பொய் என் தொண்டை வரை வந்து நின்றது. சொல்வதா, விழுங்குவதா என்று தெரியவில்லை.

வால் இடது கையால் துடுப்பை நெட்டுக்குத்தாகத் தூக்கிப் பிடித்தார்.

கொழுந்தன் சிரித்துக்கொண்டே எங்களை எண்ணினார். “யாருக்கு அண்ணி உதவி? எல்லாரும் கரையிலதானே இருக்காங்க?”

துடுப்பு இறங்கவில்லை. கொழுந்தன் சிரிப்பு அடங்கி, தண்ணீரை விலக்கிக்கொண்டு படகருகே போனார்.

“எனக்குத்தான் தம்பி. வலது கை வரல. மூணு மாசமாச்சு.”

கொழுந்தன் அந்த அக்காவையும் தங்கையையும் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. “ஆளுங்களைக் கடல்ல வெச்சுக்கிட்டு... என்ன அண்ணி இது?” அதற்கு மேல் சொல்லாமல், படகின் மூக்கைப் பிடித்து அவரை மணல் வரைக்கும் இழுத்து வந்தார். “இறங்குங்க. முதல்ல டாக்டர்கிட்ட கையைக் காட்டணும்.”

“இங்க பல் டாக்டர்தான் இருக்கார்” என்றார் வால்.

யாரும் சிரிக்கவில்லை, அவர்கூட.

அப்புறம் வழக்கமான வேலைதான். படகுகளைச் சுமந்து ஏற்றினோம். வால் இடது கையில் குழாயைப் பிடித்து, ஏழு லைஃப் ஜாக்கெட்டிலும் உப்புப் போக நல்ல தண்ணீர் பீய்ச்சினார். கவுன்ட்டருக்குப் பக்கத்து அறைக்குள் கொண்டுபோய் ஒவ்வொன்றாக நான் மாட்டினேன். ஜன்னல் இல்லாத அந்த அறையில் ஹீட்டரின் சூடு முகத்தில் அடித்தது. அடுத்ததை வாங்க வாசலுக்கு வரும்போதெல்லாம் அவர் அதே இடத்தில்தான் நின்றிருந்தார், வாசற்படிக்கு வெளியே. கடைசி ஜாக்கெட்டையும் படியைத் தாண்டாமல் கையை நீட்டித்தான் கொடுத்தார்.